ரனன்குலஸ் கிழங்கு மண்ணிலேயே அழுகிப் போகிறது. எங்கே பிசகுகிறது?

லெஸ்டர் தோட்டம்
செப்டம்பர் 14

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், இப்போது இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தோட்டம், நடுவில் பழைய ஆப்பிள் மரம் ஒன்று.

போன அக்டோபரில் பூச்செடிக் கிழங்குகள் வாங்கினேன், ரனன்குலஸ் நாற்பதும் அனிமோனி இருபதும். ஊற வைத்து நட வேண்டும் என்று போட்டிருந்தது. கொண்டைக்கடலை ஊற வைப்பது போல ராத்திரி வாளியில் போட்டு, காலையில் எடுத்தேன். சுண்டைக்காய் வற்றல் போல இருந்த அனிமோனி இரண்டு பங்கு பருத்திருந்தது. நேராகத் தோட்டத்துக் களிமண்ணில் குழி பறித்து நட்டேன். மழை பெய்த நாட்களிலும் ஒரு வாரம் விடாமல் தண்ணீர் ஊற்றினேன்.

ஜனவரியில் தோண்டிப் பார்த்தால், குழைய வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி வழுவழு என்று விரலில் ஒட்டுகிறது, நாற்றம் வேறு. அறுபதில் தப்பியது மூன்றே மூன்று, அதுவும் சுவரோரமாக இருந்தவை. அதில் ஒன்றுதான் மே மாதம் பூத்தது. பழுத்த பப்பாளிச் சதை நிறம். வெங்காயச் சருகு போல மெல்லிய இதழ்கள், ஒன்றுக்குள் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று. எண்பது வரை எண்ணினேன், அதற்கு மேல் பிரித்தால் பூ கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு பூவுக்காகத்தான் மறுபடியும் முயற்சி செய்கிறேன்.

வருகிற ஏப்ரல் முதல் வாரம் அம்மா முதல் முறையாக இங்கே வருகிறார். சித்திரை ஒன்றாம் தேதி தோட்டத்தில் ஏதாவது பூத்திருக்க வேண்டும் என்று ஆசை. எப்போது நடுவது, எவ்வளவு நேரம் ஊற வைப்பது, தரையா தொட்டியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கிளாஸ்கோ மழை
செப்டம்பர் 14

உங்கள் தேதிக்கு ரனன்குலஸை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதற்கு முன்பே தோட்டத்தில் பூ வேண்டும் என்றால் சைக்ளமன் கூம் என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் கிழங்குதான், தட்டை வடை மாதிரி இருக்கும். இங்கே எங்கள் வீட்டில் ஜனவரியிலேயே பனிக்கு நடுவில் ரோஜா நிறத்தில் பூக்கிறது. காய்ந்த கிழங்காக வாங்காமல் இலையோடு சின்னத் தொட்டியில் விற்பதை வாங்கி நட்டால் பிழைத்துக்கொள்ளும். மஞ்சள் நிற வின்டர் அகோனைட்டும் அப்படித்தான். காய்ந்த கிழங்காக வாங்கி நான் இரண்டு முறை ஏமாந்தேன்.


மண்வெட்டி
செப்டம்பர் 15

அம்மணி, அறுபதில் மூன்று என்று படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் ரெடிங்கில் 19 வருடமாகத் தோட்டம் போடுகிறேன். ஊரில் கொடுமுடி பக்கம் அப்பா மஞ்சள் வைத்தவர். கிழங்கு என்றாலே அவர் சொல்வது ஒன்றுதான்: "கிழங்குக்கு ஈரம் வேணும், தண்ணி நிக்கக் கூடாது." பார் கட்டி மேட்டில்தான் விதை மஞ்சளை ஊன்றுவார். ஒரு வருடம் வாய்க்கால் உடைந்து வயலில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. அந்த மடை முழுக்கக் கிழங்கு அழுகல். நீங்கள் சொன்ன அதே நாற்றம், அதே வழுவழுப்பு.

இந்த ரனன்குலஸும் அனிமோனியும் எங்கிருந்து வந்தவை என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். துருக்கி, சிரியா, சைப்ரஸ், கிரீட் என்று மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரைச் சரிவுகள்தான் இவற்றின் வீடு. கோடை முழுக்க அங்கே மழை கிடையாது. கிழங்கு சுருங்கி, காய்ந்து, மண்ணுக்குள் தூங்கும். இலையுதிர் காலத்தில் முதல் மழை விழுந்ததும் விழிக்கும். மழை விழுகிறது, நனைக்கிறது, கல்லும் சரளையுமான சரிவில் வடிந்து போய்விடுகிறது. நாம் ஊற வைப்பது அந்த முதல் மழைக்குப் பதிலாகத்தான். அது ராத்திரி முழுக்க வாளிக்குள் கிடந்தால் மழை இல்லை, வெள்ளம். கிழங்கும் மூச்சு விடுகிறது. நின்ற நீரில் காற்று கிடைக்காமல் போனதும் அழுகல் ஆரம்பித்துவிடும். வாளியிலேயே பாதி போயிருக்கும், மீதி உங்கள் களிமண்ணில்.

நான் செய்கிறதைச் சொல்கிறேன்.

இங்கே பட்டம் அக்டோபர், நம் ஐப்பசி. தண்ணீர் குழாயில் வரும் குளிர்ச்சியே போதும், வெந்நீர் கலக்க வேண்டாம். மூன்று மணி நேரம், மிஞ்சினால் நான்கு. அலாரம் வைத்துக்கொண்டு செய்யுங்கள், மறந்துபோகும். நடுவில் ஒரு முறை தண்ணீரை மாற்றி விடுங்கள். எடுக்கும்போது ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஊறியது கெட்டியாக, நகம் இறங்காமல் இருக்கும். அமுங்கினால் தூக்கிப் போடுங்கள், தயவு தாட்சண்யம் வேண்டாம், ஒன்று மற்றதைக் கெடுத்துவிடும்.

அப்புறம் நேராக மண்ணில் வைக்காதீர்கள். நம் ஊர் முளைப்பாரி போல ஒரு கட்டம் இடையில் வேண்டும். அகலமான தட்டில் விரல் கனத்துக்கு ஈரமான கம்போஸ்ட் பரப்பி, கிழங்குகளை ஒன்றை ஒன்று தொடாமல் வைத்து, மேலே மெல்லியதாக மூடுங்கள். கம்போஸ்டைக் கையில் பிடித்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது, உதிரவும் கூடாது, கொழுக்கட்டை மாவுப் பதம். தட்டைக் குளிர்ந்த, இருட்டான இடத்தில் வையுங்கள். 10 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. பத்துப் பதினான்கு நாளில் எடுத்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக முடி போல வேர் விட்டிருக்கும், நுனியில் வெளிர்ப்பச்சை முளை தெரியும். அதைத்தான் நட வேண்டும். முளை வராத கிழங்கை நட்டுவிட்டு மூன்று மாதம் காத்துக் கிடக்கிற வேலை இதில் இல்லை.

எந்தப் பக்கம் மேலே என்று பலரும் குழம்புவார்கள். ரனன்குலஸ் குட்டி வாழைச்சீப்பு மாதிரி இருக்கும். விரல்கள் கீழே போக வேண்டும், சீப்பின் கொண்டை மேலே. அனிமோனியில் தலையா காலா என்று தெரியாது. தெரியாவிட்டால் பக்கவாட்டில் படுக்க வைத்துவிடுங்கள், முளை தானே வழி கண்டுபிடித்து மேலே வரும்.

ரனன்குலஸைத் தொட்டியில் வையுங்கள் என்பேன். 30 சென்டிமீட்டர் அகலத் தொட்டிக்கு ஐந்து கிழங்கு, 5 சென்டிமீட்டர் ஆழம். மூன்று பங்கு கம்போஸ்டுக்கு ஒரு பங்கு கிரிட், அதாவது இங்கே தோட்டக் கடையில் மூட்டையில் விற்கிற பொடி ஜல்லி. தொட்டியைத் தரையில் அப்படியே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், ஓட்டை அடைக்காமல் இருக்கும். நட்ட அன்று ஒரு தண்ணீர். அதன்பிறகு மேல்மண் காய்ந்தால் ஒழிய ஊற்றாதீர்கள்.

குளிரைக் கண்டு பயப்பட வேண்டாம். லேசான உறைபனியைத் தாங்கும். மைனஸ் 4, 5 என்று சொல்கிற ராத்திரி மட்டும் தொட்டியைக் கொட்டகைக்குள் எடுத்து வையுங்கள், அல்லது பனித்துணி போர்த்துங்கள். இதற்குச் சூடுதான் ஆகாது. மே, ஜூனில் வெயில் ஏறியதும் இலை மஞ்சளாகிப் படுத்துவிடும். செத்துப் போகவில்லை, தூங்கப் போகிறது. அப்போது தண்ணீரை நிறுத்தி, கிழங்கை எடுத்துக் காய வைத்துக் காகிதப் பையில் போட்டுவிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ரனன்குலஸ் இளம் இலை அச்சு அசல் கொத்தமல்லி. அனிமோனி இலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்தக் குடும்பத்துச் செடிகளின் சாறு தோலில் பட்டாலே சிலருக்கு அரிக்கும், கொப்புளமும் வரும். வயிற்றுக்குள் போகவே கூடாது. ரசத்துக்கு ஒரு கிள்ளு என்று யாரும் கை வைத்துவிடக் கூடாது. கொத்தமல்லித் தொட்டி இருந்தால் இவற்றுக்கு எட்டாத பக்கம் வையுங்கள்.

சித்திரை ஒன்றுக்குப் பூ வேண்டும் என்றால், கிளாஸ்கோக்காரர் சொன்னது சரி, ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். ஆப்பிள் மரத்தடிக்கு அனிமோனி பிளாண்டா வாங்குங்கள். இது வேறு இனம், குட்டை, சாமந்தி போல விரிகிற நீலம், வெள்ளை. கடும் குளிரும் தாங்கும். மார்ச்சில் மரம் இலை விடும் முன்பே பூத்துவிடும். ஒயிட் ஸ்ப்லெண்டர் என்ற வெள்ளை ரகத்துக்கு, இங்கே உள்ள தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டியின் தோட்டத் தகுதி விருதே உண்டு. அங்கே மரத்தின் வேர்களே ஈரத்தை உறிஞ்சிவிடும், களிமண்ணானாலும் தப்பிக்கும்.


லெஸ்டர் தோட்டம்
செப்டம்பர் 16

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நேற்றே போய் ஒரு முழம் ஆழக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். காலையிலும் பாதி அப்படியே நின்றது. கிழங்கைக் குறை சொல்லி என்ன பயன்!

ஒரு சந்தேகம். முளைத் தட்டை அடுக்களையில் ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் முளைக்குமா? ஊரில் நாற்றுக்கு வெதுவெதுப்பு வேண்டும் என்பார்களே.


மண்வெட்டி
செப்டம்பர் 16

கூடவே கூடாது அம்மணி. மிளகாய், கத்தரி நாற்றுக்குத்தான் வெதுவெதுப்பு. இதை ஹீட்டர் பக்கம் வைத்தால் இரண்டு நாளில் வெள்ளைப் பூசணம் படரும். நான் முதல் வருடம் பாய்லர் அறையில் வைத்து ஒரு தட்டு முழுவதையும் கொட்டினேன். சூடு இல்லாத கராஜ் இருந்தால் அதுதான் இடம். எலி வருமா என்று மட்டும் பார்த்து, மேலே கம்பி வலை போட்டுவிடுங்கள். முளை தெரிந்த அன்றைக்கே வெளிச்சத்துக்குக் கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் வெளுத்து நீண்டுவிடும்.

ஒரு முழக் குழியில் மறுநாள் வரை தண்ணீர் நிற்கிற மண்ணில், பிளாண்டா தவிர எதையும் தரையில் வைக்காதீர்கள். பிளாண்டாவையும் மரத்தைச் சுற்றி மேடான பக்கமாகப் பார்த்து வையுங்கள்.


டொராண்டோவிலிருந்து
செப்டம்பர் 17

கனடாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அக்டோபரில் ரனன்குலஸை வெளியே நட்டுவிடாதீர்கள். எங்கள் மைனஸ் 20-ஐ அது தாங்காது. நான் பிப்ரவரிக் கடைசியில் பேஸ்மென்டில் முளை கட்டி, ஒரு விளக்கின் கீழ் வளர்த்து, ஏப்ரல் கடைசியில் வெளியே வைக்கிறேன். ஜூனில் பூக்கும். ஜூலை வெயில் வந்ததும் முடிந்தது. மூன்று வாரப் பூதான், ஆனாலும் அந்த மூன்று வாரமும் வேலைக்குப் போகும் முன் வாசலில் பத்து நிமிடம் நிற்பேன்.


மாடித்தோட்டம் சென்னை
செப்டம்பர் 19

ரனன்குலஸ் படங்களைத் தேடிப் பார்த்து ஆசை வந்துவிட்டது. சென்னையில் மாடியில் வைக்கலாமா ஐயா? ஆன்லைனில் கிழங்கு விற்கிறார்கள்.


மண்வெட்டி
செப்டம்பர் 19

தம்பி, பணத்தை வீணாக்க வேண்டாம். இதற்கு மாதக்கணக்கில் குளிர்ந்த இரவு வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் முயலலாம், டெல்லிப் பக்கம் பனிக்காலத்தில் வளர்க்கிறார்கள். சென்னை மார்கழி இதற்குப் போதாது.

கிழங்கிலிருந்து பூதான் வேண்டும் என்றால் நம் செங்காந்தளை வையுங்கள். எங்கள் பக்கத்தில் கண்வலிக்கிழங்கு என்பார்கள். மூலனூர்ப் பக்கம் விதைக்காக ஏக்கர் கணக்கில் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள், மருந்துக்குப் போகிறது. கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். ஆனி, ஆடியில் ஊன்றினால் மழையோடு கொடி ஏறிவிடும். இதிலும் இரண்டு விஷயம். முளை நுனியில் மட்டும்தான் இருக்கும், அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு அவ்வளவுதான். கையில் பிடிக்கும்போது முட்டையைப் பிடிப்பது போலப் பிடியுங்கள். இரண்டாவது, கிழங்கு, விதை எல்லாமே கொடிய விஷம். சின்னக் குழந்தைகள் மாடிக்கு வருவார்கள் என்றால் வைக்கவே வேண்டாம்.


லெஸ்டர் தோட்டம்
நவம்பர் 3

சொன்னபடியே செய்தேன். மூன்று மணி நேரம், நடுவில் தண்ணீர் மாற்றம், அழுத்திப் பார்த்து எடுத்தது, கராஜில் தட்டு, மேலே வலை. பதின்மூன்றாம் நாள் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். 30 ரனன்குலஸில் 26-க்கு வேர். கையில் எடுத்தால் வெள்ளை முடி கம்போஸ்டைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. போன வருடம் தோண்டி எடுத்தது எப்படி இருந்தது, இது எப்படி இருக்கிறது! அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்று ஐந்து தொட்டியில் நட்டாயிற்று. மரத்தடியில் பிளாண்டா 50. நட்ட அன்றே அணில் வந்து நாலு இடத்தில் கிளறிவிட்டது, அங்கும் வலை போட்டுவிட்டேன்.


லெஸ்டர் தோட்டம்
ஏப்ரல் 24

அண்ணா, அம்மா வந்து மூன்று வாரம் ஆகிறது. பிளாண்டா மார்ச் நடுவிலேயே தொடங்கிவிட்டது. அம்மா வந்த அன்று மரத்தடி முழுக்க நீலமும் வெள்ளையும். சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எல்லாம் மூடிக்கிச்சே, வாடிடுச்சா?" என்று கேட்டார். மறுநாள் வெயில் ஏறியதும் கூப்பிட்டுக் காட்டினேன். அதிலிருந்து தினமும் பத்து மணிக்குக் காபித் தம்ளரோடு அங்கே போய் நின்று, திறக்கிறதா என்று பார்க்கிறார்.

சித்திரை ஒன்றுக்கு ரனன்குலஸ் மொட்டாகத்தான் இருந்தது. வேப்பம்பூப் பச்சடிக்குப் பக்கத்தில் பிளாண்டாவைத்தான் வைத்தோம். முதல் ரனன்குலஸ் பூ நேற்றுத்தான் விரிந்தது. அதே பப்பாளி நிறம். அம்மா மோந்து பார்த்துவிட்டு, "மணமே இல்லையே, தலையில வைக்க முடியாது" என்றார். ஆனால் அந்தத் தொட்டியை விட்டு நகரவில்லை. நீங்கள் எச்சரித்தது நல்லதாகப் போயிற்று, வந்த இரண்டாம் நாளே "கொத்தமல்லி நல்லா வந்திருக்கே" என்று கை நீட்டினார். ஓடிப்போய்ப் பிடித்தேன். இப்போது தொட்டியில் சிவப்பு நாடா கட்டி வைத்திருக்கிறேன்.

ஒரே கவலை. இரண்டு தொட்டியில் அடி இலைகள் மஞ்சளாகின்றன. தூங்கப் போகிறதா? தண்ணீரை நிறுத்தவா?


மண்வெட்டி
ஏப்ரல் 24

இல்லை அம்மணி, இன்னும் மொட்டு இருக்கிறது இல்லையா, நிறுத்தாதீர்கள். அடியில் ஒன்றிரண்டு மஞ்சளாவது சகஜம், கையுறை போட்டுக் கிள்ளி எடுத்துவிடுங்கள். செடி முழுக்க மஞ்சளானால்தான் நிறுத்த வேண்டும், அது ஜூனில். சாயங்காலம் டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள், ஓட்டில்லா நத்தை மொட்டைக் கடித்து வைத்துவிடும். வீட்டுக்குள் வைக்க வேண்டுமானால் முழுக்க விரியும் வரை காத்திருக்காமல், மொட்டை லேசாக அழுத்தினால் பஞ்சு போல அமுங்குகிற நேரத்தில் காலையில் வெட்டுங்கள். தண்ணீரில் ஒரு வாரம் நிற்கும். வெட்ட வெட்ட அடியிலிருந்து புதுக் காம்பு வரும், அம்மா ஊருக்குப் போகும் வரை பார்க்கலாம்.